பிரம்பு மன்னர் வேக்பீல்டு

பிரம்பு என்றதும் பலருக்கு உள்ளங்கைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து வாத்தியார் கையில் இருந்த பிரம்பு அப்படி. மறந்தாலும் கை மறக்காது.

அந்தப் பிரம்பை வைத்து ஒருவர் பெரும் செல்வர் ஆனார். அவர் நினைவாக ஒரு ஊருக்கே பெயர் வைத்தார்கள். அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் பாஸ்டன். பாஸ்டனுக்கு வடக்கே, ரெயிலில் போனால் சிறிது நேரத்தில் ஒரு ஊர் வரும். அதன் பெயர் வேக்பீல்டு. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர்தான் சைரஸ் வேக்பீல்டு.

அவர் மந்திரி அல்ல. போர் வீரரும் அல்ல. ஒரு மளிகைக் கடைக்காரர்.

விவசாயி மகன்

வேக்பீல்டு 1811-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் ராக்ஸ்பரி. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள சின்னஞ்சிறு மலைக் கிராமம். தந்தைக்குத் தொழில் விவசாயம்.

அந்தப் பக்கத்து நிலம் கல்லும் கரடுமானது. ஏர் பிடித்தால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் புரளும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். பையனுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. பட்டணம் போய்ப் பிழைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

15 வயதில் பாஸ்டனுக்குப் புறப்பட்டுவிட்டான். ஒரு மளிகைக் கடையில் வேலை கிடைத்தது. பகல் முழுவதும் கடையில் வேலை. மாலையில் இரவுப் பள்ளிக்கூடம். ஊரில் விட்ட படிப்பை அங்கே பிடித்துக்கொண்டான்.

கடையில் காலிப் பீப்பாய்கள் குவிந்து கிடக்கும். சாமான் தீர்ந்தபின் பீப்பாயை யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. பையன் முதலாளியிடம் அனுமதி கேட்டான். அந்தக் காலிப் பீப்பாய்களை வாங்கி, வேண்டியவர்களுக்கு விற்றான். அதில் சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது.

பிறர் கழித்துப் போட்டதில் காசு பார்க்கும் கண் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. பின்னால் நடந்தது எல்லாம் அந்தக் கண் செய்த வேலைதான்.

சில ஆண்டுகளில் சொந்தமாக மளிகைக் கடை வைத்தார். சகோதரர் ஈனாக்கும் கூட்டுச் சேர்ந்தார். 1841-ம் ஆண்டில் எலைசா என்ற பெண்ணை மணந்தார். எலைசாவின் தந்தை ஒரு கப்பல் தலைவர். ஆகவே சீனா, கிழக்கிந்தியத் தீவுகள் என்ற பேச்செல்லாம் அந்தக் குடும்பத்துக்குப் புதிது அல்ல.

துறைமுகத்தில் கிடந்த கட்டு

1844-ம் ஆண்டு.

பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. கீழ்த்திசையில் இருந்து வந்த கப்பல். தேயிலை, பட்டு, பீங்கான் என்று அந்த நாட்களில் சீனச் சரக்குக்கு அமெரிக்காவில் ஏக கிராக்கி. கூலியாட்கள் சரக்கை இறக்கிக்கொண்டு இருந்தார்கள்.

சரக்கோடு சரக்காகக் கட்டுக் கட்டாகப் பிரம்பும் வந்தது. அது விற்பனைக்கு வந்த சரக்கு அல்ல. கடலில் கப்பல் ஆடும்போது பெட்டிகள் ஒன்றோடு ஒன்று மோதும். உருளும். அடியில் ஈரமும் ஏறும். அதைத் தடுக்க இடுக்குகளில் பிரம்பைத் திணிப்பார்கள். நாம் பீங்கான் சாமானை அனுப்பும்போது பெட்டிக்குள் வைக்கோல் வைப்பது இல்லையா, அதுபோல.

சரக்கு இறங்கிவிட்டால் வைக்கோலுக்கு என்ன மதிப்பு? பிரம்பைத் துறைமுகத் தரையில் வீசிக்கொண்டு இருந்தார்கள்.

வேக்பீல்டு அதைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். வளைந்தது. ஒடியவில்லை. விட்டால் பழையபடி நிமிர்ந்தது.

ஒரு சிறு குவியலை மலிவு விலைக்கு வாங்கினார். கூடை முடைகிறவர்களுக்கும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர்களுக்கும் விற்றார். உடனே விற்றுவிட்டது. லாபமும் கிடைத்தது.

அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பழைய ஆடும் நாற்காலியில் பிரம்பைச் சுற்றிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தச்சர் அல்லர், வியாபாரி. வாங்கி விற்றதுதான் முதல் வேலை.

மேலும் வாங்கினார். மேலும் விற்றார். சிறிது காலத்தில் உப்பு, சர்க்கரை வியாபாரத்தைக் கைவிட்டார். பிரம்பு ஒன்றே வியாபாரம் என்று துணிந்து இறங்கினார்.

பனைக்கு உறவு

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு, பிரம்பு என்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

பிரம்பு மூங்கிலுக்கு உறவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மூங்கில் புல் இனம். உள்ளே வெற்றிடம். பிரம்பு பனை இனம். உள்ளே கெட்டி. நமது பனைக்கும் தென்னைக்கும் அது சொந்தம். இலையைப் பார்த்தால் சிறு தென்னங்கீற்று போலவே இருக்கும். பழத்தின் மேல் மட்டும் மீனுக்கு இருப்பது போலச் செதில் செதிலாக ஓடு இருக்கும்.

பனை மரம் தன் காலில் தானே நிற்கும். பிரம்பில் பெரும்பாலான வகைகளுக்கு அந்த வலு கிடையாது. காட்டில் உள்ள பெரிய மரங்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பிடிப்பதற்குக் கையா இருக்கிறது? இலை நுனியில், அல்லது இலை அடியில், நீண்ட சவுக்கு ஒன்று இருக்கும். அதில் வரிசை வரிசையாகக் கொக்கி முள். அது கிளையில் மாட்டிக்கொண்டால் விடாது. வழியில் போகிறவனின் சட்டையில் மாட்டினாலும் விடாது.

வெய்யிலைத் தேடி அது ஏறிக்கொண்டே போகும். சில வகைகள் 300 அடிக்கு மேலும் நீளும். அத்தனை பனை மரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக எண்ணிப் பாருங்கள்!

உலகில் சுமார் 600 வகைப் பிரம்புகள் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில்தான் அதிகம். போர்னியோ, சுமத்ரா, மலேயா காடுகள் பிரம்புக்குப் பேர்போனவை. நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் சில வகைகள் வளர்கின்றன. மலாய் மொழியில் இதற்கு ரோத்தான் என்று பெயர். ஆங்கிலத்தில் சொல்லும் ராட்டன் அதிலிருந்து வந்ததுதான்.

காட்டில் பிரம்பு வெட்டுவது லேசான வேலை அல்ல. அடியில் வெட்டுவார்கள். பிறகு இழுக்கவேண்டும். மேலே நூறு கொக்கிகள் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் சில சமயம் வராது. மரத்தில் ஏறி விடுவிக்கவேண்டும். இழுக்கும்போது பட்ட கிளை தலையில் விழும். சில வகைகளின் உறைக்குள் எறும்புகள் குடியிருக்கும். செடியைத் தொட்டால் போதும். ஆயிரம் எறும்புகள் சேர்ந்து சரசர என்று சத்தம் எழுப்பும். அது எச்சரிக்கை. அதையும் மீறித் தொட்டால் கடிதான்.

முள் உறையை உரித்து எடுத்தால் உள்ளே வழவழப்பான தண்டு. அதைத் துண்டு போட்டு, கழுவி, வெய்யிலில் காய வைப்பார்கள். பருத்த வகைகளை எண்ணெயில் வேக வைப்பது உண்டு. நீர் வற்றவேண்டும், பூஞ்சணம் பிடிக்கக்கூடாது. மெல்லிய வகைகளுக்குக் கந்தகப் புகை காட்டுவார்கள்.

பிறகு தோணியில் ஏற்றி ஆற்றுவழியாகக் கடற்கரைக்கு வரும். அந்த நாளில் அங்கிருந்து பெரும்பாலும் சிங்கப்பூருக்குப் போகும். சிங்கப்பூர்தான் பிரம்புக்குப் பெரிய சந்தை. அங்கே வாங்கிய சீன வியாபாரிகள் காண்டன் நகரத்துக்கு அனுப்புவார்கள். காண்டனில் தொழிலாளிகள் கையால் பிளந்து, சீவி, பட்டை எடுப்பார்கள்.

போர்னியோ காட்டில் முள் குத்தி ரத்தம் சிந்தியவனுக்குக் கிடைத்தது சொற்பம். பாஸ்டன் துறைமுகத்தில் அது தரையில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

தோலும் உள்தண்டும்

இனி வேக்பீல்டு கதைக்கு வருவோம்.

அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். காண்டனில் இருந்த ரஸ்ஸல் கம்பெனி என்ற அமெரிக்க வியாபார நிறுவனத்தில் அவருக்கு உத்தியோகம். அமெரிக்காவில் எந்தவகைப் பிரம்பு விலைபோகும் என்று வேக்பீல்டு அவருக்கு மாதிரிகள் அனுப்பினார். அதன்படி சரக்கு வரத்தொடங்கியது. காண்டன் பிரம்பு என்றால் வேக்பீல்டிடம்தான் கேட்கவேண்டும் என்ற பெயர் அமெரிக்கா முழுவதும் பரவியது.

அன்று அமெரிக்கர்களுக்கு வேண்டியது பிரம்பின் மேல்தோல் மட்டுமே. பிரம்பை நீளவாட்டில் பிளந்து, பளபளப்பான அந்தத் தோலைப் பட்டையாக எடுப்பார்கள். அதைக் கொண்டுதான் நாற்காலியின் இருக்கையைக் கண் கண்ணாகப் பின்னுவார்கள். நம் பக்கத்துச் சர்க்கார் ஆபீசுகளில் நெடுங்காலம் இருந்த நாற்காலிகள் இப்படிப் பின்னியவைதான். காற்று புகும், வேர்க்காது. பார்வை இழந்த பலர் இந்தப் பின்னல் வேலையைக் கற்று, கௌரவமாகப் பிழைத்தார்கள். கண்ணைவிட விரலுக்கே அதில் வேலை அதிகம்.

(அப்படிப்பட்ட நாற்காலி உங்கள் வீட்டில் இருந்து, பின்னல் தொய்ந்து போயிருந்தால் ஒரு வழி உண்டு. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்குங்கள். நிழலில் காய விடுங்கள். அறுந்து போகாத பின்னல் என்றால் காயும்போது மறுபடி விறைத்துக்கொள்ளும்.)

சீனாவில் கையால் பிளந்ததை ஏன் வாங்கவேண்டும்? முழுப் பிரம்பாகக் கொண்டுவந்து இங்கேயே இயந்திரத்தில் பிளந்தால் என்ன? இப்படி எண்ணினார் வேக்பீல்டு. முதலில் பாஸ்டனில் சிறிய அளவில் கை இயந்திரம் வைத்துப் பிளந்தார். அது போதவில்லை.

அப்போது அவர் தெற்கு ரீடிங் என்ற ஊரில் குடியேறி இருந்தார். அங்கே ஒரு ஓடை. ஓடையில் அணை. தண்ணீர் விழும் வேகத்தில் சக்கரம் சுழலும். 1850-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் தொழிற்சாலையை அங்கே மாற்றினார். தண்ணீர் இயந்திரத்தை ஓட்டியது. பின்னால் நீராவியும் வந்தது.

காண்டன் தொழிலாளிகள் செய்துவந்த வேலையில் ஒரு பங்கு இப்படிக் கடல் தாண்டிப் போய்விட்டது. வேக்பீல்டைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1856-ம் ஆண்டில் சீனாவில் இரண்டாம் அபினிப் போர் மூண்டது. காண்டன் துறைமுகம் கலவரப்பட்டது. பிரம்பு வரத்து நின்றுபோகும் நிலை. மற்ற வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள். வேக்பீல்டு சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவில் யார் யாரிடம் பிரம்பு இருக்கிறதோ, அத்தனையையும் பேசி முடித்து வாங்கிக் குவித்தார். விலை ஏறியது. பணம் கொட்டியது. பிரம்பு வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆகிவிட்டது.

பிறர் கஷ்டத்தில் லாபம் பார்த்தார் என்று சிலர் சொல்லலாம். வியாபாரி என்றால் அப்படித்தான் என்று வேறு சிலர் சொல்லலாம். வாசகர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன்.

ஆனால் அவர் உண்மையான சாமர்த்தியம் இதில் இல்லை. தோலை உரித்தபின் மிஞ்சியதில்தான் இருக்கிறது.

பிரம்பில் தோல் கொஞ்சம், உள்தண்டுதான் அதிகம். தோலை எடுத்துக்கொண்டு உள்தண்டைக் குப்பையில் போட்டுவந்தார்கள். தொழிற்சாலையின் பின்புறம் மலைபோல் குவிந்தது. காலிப் பீப்பாயை விற்ற மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

உள்தண்டை உருட்டி, ஒரே பருமனாக இழைத்தார். அது நீண்ட குச்சியாக வந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் எப்படி வேண்டுமானாலும் வளைந்தது. இன்னொரு நன்மையும் இருந்தது. பிரம்பின் தோலில் மணல் சத்து உண்டு. கண்ணாடிபோல் இருக்கும். சாயம் பிடிக்காது. உள்தண்டோ, சாயத்தையும் வர்ணத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

முதலில் கூடைகள் செய்தார்கள். அந்தச் சமயம் மேல்நாட்டுப் பெண்களிடம் ஒரு நாகரிகம் பரவியது. பாவாடை குடைபோல் விரிந்து நிற்கவேண்டும். அதற்கு உள்ளே வளையம் வளையமாக வைத்துத் தைப்பார்கள். அந்த வளையத்துக்கும் பிரம்பின் உள்தண்டு பயன்பட்டது. போர்னியோ காட்டில் மரம் ஏறிய கொடி, நியூயார்க் சீமாட்டியின் பாவாடைக்குள் போய்ச் சேர்ந்தது!

பிறகு வந்தவை நாற்காலிகள். கெட்டி மரத்தில் சட்டம் அடித்து, அதன் மேல் உள்தண்டை வளைத்துச் சுற்றி, சுருள் சுருளாக, பூப்பூவாகப் பின்னினார்கள். ஆடும் நாற்காலி, சாய்வு நாற்காலி, சோபா, பூந்தொட்டி வைக்கும் தாங்கி, குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி. ஒன்றா, இரண்டா?

மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய மெத்தை நாற்காலிகள் தூசியைச் சேர்த்து வைக்கும். பிரம்பு நாற்காலியில் தூசி தங்காது. துடைத்தால் போதும். எடையும் இல்லை. காலையில் வாசலில் போட்டு, மாலையில் தூக்கி உள்ளே வைக்கலாம்.

இதற்குப் பிறகும் தரையில் ஒன்று மிஞ்சியது. சீவல்!

இழைக்கும்போது விழுந்த சீவல் தொழிற்சாலை எங்கும் பறந்தது. நெருப்புப் பிடித்தால் ஆபத்து. அள்ளிக் கொட்டவும் கூலி கொடுக்கவேண்டும். ஸ்காட்லாந்தில் இருந்து வந்த வில்லியம் ஹூஸ்டன் என்ற நெசவாளி வேக்பீல்டிடம் வேலை பார்த்தார். அந்தச் சீவலை நூலாகத் திரித்து நெய்யலாம் என்று அவர் கண்டுபிடித்தார். கால்மிதியும் தரை விரிப்பும் தயார் ஆயின.

தோல் நாற்காலிக்கு. உள்தண்டு கூடைக்கும் சோபாவுக்கும். சீவல் கால்மிதிக்கு. கப்பலில் வந்த பிரம்பில் வீணாகப் போனது ஏறக்குறைய எதுவும் இல்லை. ஹூஸ்டனின் பெயர் எந்த ஊருக்கும் வைக்கப்படவில்லை. இங்கேயாவது அவரை நினைத்துக்கொள்வோம்.

ஊருக்குப் பெயர்

தொழிற்சாலை வளர்ந்தது. கட்டடங்களின் தளப்பரப்பு ஏறத்தாழ 10 ஏக்கர் என்று ஆயிற்று. நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் வேலை செய்தார்கள். வெளியூரில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். வேக்பீல்டு வீடுகள் கட்டினார், கடைகள் கட்டினார். ஊரில் எந்தப் பொதுக் காரியம் என்றாலும் அவர் முன்னால் நின்றார். பாஸ்டனிலும் பெரிய கட்டடங்கள் எழுப்பினார்.

அந்த ஊருக்கு ஒரு குறை இருந்தது. சொந்தப் பெயர் இல்லாத குறை. ரீடிங் என்ற ஊரில் இருந்து 1812-ம் ஆண்டில் பிரிந்த ஊர் அது. தெற்கே இருந்ததால் தெற்கு ரீடிங் என்று பெயர். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டது போல!

ஊருக்கு ஒரு நல்ல மண்டபம் கட்டித் தருவதாக வேக்பீல்டு சொன்னார். முதலில் 30 ஆயிரம் டாலர் என்று பேச்சு. ஊரார் கூடினார்கள். இவர் பெயரையே ஊருக்கு வைத்தால் என்ன என்று யோசனை எழுந்தது. அப்படியே தீர்மானம் ஆயிற்று. சட்டமும் வந்தது.

1868-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தெற்கு ரீடிங் மறைந்து, வேக்பீல்டு பிறந்தது. ஜூலை 4-ந் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஊரே விழாக் கொண்டாடியது.

தன் பெயர் வைத்த ஊருக்குச் சாதாரண மண்டபம் போதுமா? வேக்பீல்டு திட்டத்தைப் பெரிதாக்கினார். 30 ஆயிரம் டாலர் என்று தொடங்கியது, ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 1871-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மண்டபம் திறக்கப்பட்டது. ரெயில் பாதைப் பங்கு, வங்கி, நிலம் என்று அவர் பணம் எங்கும் பரவி இருந்தது. அவருடைய மாளிகையும் தோட்டமும் ஊரில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டும் காட்சியாக விளங்கின.

அந்த மாளிகையில் ஒரு மழலைக் குரல் மட்டும் கேட்கவில்லை. கணவன் மனைவிக்குக் குழந்தை இல்லை.

1873

1873-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, அமெரிக்காவில் பெயர்பெற்ற ஜே குக் வங்கி முறிந்தது. ரெயில் பாதைகளில் அளவுக்கு மீறிப் பணத்தைப் போட்டதன் விளைவு. ஒரு வங்கி விழுந்ததும் அடுத்தது விழுந்தது. நியூயார்க் பங்குச் சந்தையைப் பத்து நாள் மூடிவிட்டார்கள். பணம் கொடுப்பாரும் இல்லை. வாங்கிய கடனுக்குத் தவணை தருவாரும் இல்லை.

பெரிய வியாபாரிகள் கடன் வாங்கித்தான் தொழிலை விரிப்பார்கள். வேக்பீல்டும் அப்படித்தான். கட்டடம், நிலம், பங்கு என்று எல்லாம் இருந்தது. அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கையில் ரொக்கம் வேண்டுமே?

அந்த மாதங்களில் அவர் தொழிலை வேக்பீல்டு பிரம்புக் கம்பெனி என்று ஒரு கூட்டுக் கம்பெனியாக மாற்றி அமைக்கும் ஏற்பாட்டில் இருந்தார். ஏற்பாடு முடிந்த சூட்டோடு சூடாக, அக்டோபர் 26-ந் தேதி, திடீர் என்று உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 62.

ஊர் திடுக்கிட்டது. கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது இன்னொரு முறை திடுக்கிட்டது. கடன்களைக் கழித்தால் அந்தப் பெரும் செல்வத்தில் மிஞ்சுவது அதிகம் இல்லை என்று தெரிந்தது. கப்பல் குப்பையில் இருந்து ஒவ்வொரு நாராகச் சேர்த்தவர் அவர். சீவலைக்கூட வீணாக்காதவர். அவருக்கே இந்த நிலை.

தொழில் மட்டும் சாகவில்லை. வேக்பீல்டின் சகோதரர் மகன் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அவருக்கும் சைரஸ் வேக்பீல்டு என்றே பெயர். பிரம்பு வியாபாரத்தை அதன் ஊற்றுக்கண்ணிலேயே இருந்து கற்றவர். அவர் திரும்பி வந்து கம்பெனியை ஏற்றார். 1876-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தது. வேக்பீல்டு கம்பெனியின் பிரம்புச் சாமான்களுக்கு அங்கே விருது கிடைத்தது.

போட்டியும் பலமாக இருந்தது. கார்ட்னர் என்ற ஊரில் லீவை ஹேவுட் என்பவர் பெரிய நாற்காலித் தொழிற்சாலை நடத்தினார். அவரிடம் வேலை பார்த்த வாட்கின்ஸ் என்பவர், பிரம்புப் பட்டையைத் துணிபோல் சுருள் சுருளாக நெய்யும் தறியைச் செய்தார். அதுவரை அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாற்காலிக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பின்னிவந்தார்கள். இப்போது நெய்த விரிப்பை வெட்டி, சட்டத்தைச் சுற்றி உள்ள பள்ளத்தில் அமுக்கி, மேலே ஒரு பிரம்புக் குச்சியை அடித்தால் போதும். இருக்கை தயார். இன்று நம் ஊரில் அலமாரிக் கதவுக்கும் கட்டில் தலைப்பக்கத்துக்கும் பிரம்பு வலை பொருத்துகிறார்களே, அது இதே முறைதான். ரெயில் பெட்டிகளிலும் டிராம் வண்டிகளிலும் இருக்கைகளுக்கு இந்த விரிப்பு ஏராளமாகச் செலவாயிற்று.

எதிரிகளாக இருந்த இரு கம்பெனிகளும் 1897-ம் ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னால் ஹேவுட்-வேக்பீல்டு என்று அதன் பெயர் சுருங்கியது. பிரம்பு நாகரிகம் போய் மரச்சாமான் நாகரிகம் வந்தது. கம்பெனியும் அதற்கு மாறிக்கொண்டது. 1979-ம் ஆண்டில் மரச்சாமான் தொழிலை மூடியது.

காடுகளில் மாறுதல் வந்திருக்கிறது. உலகத்துக்கு வேண்டிய பிரம்பில் மிகப் பெரும் பங்கைத் தருவது இந்தோனேசியா. 2012-ம் ஆண்டு முதல் அந்த நாடு பச்சைப் பிரம்பை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. நாற்காலியாகச் செய்து அனுப்பு, கூலி நம் மக்களுக்கே கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். காண்டனில் இருந்து பாஸ்டனுக்குப் போன வேலை, நூற்றைம்பது ஆண்டு கழித்து ஆசியாவில் தங்கவேண்டும் என்கிறார்கள். ஆனால் வாங்குவார் குறைந்து, வெட்டுகிறவனுக்கு விலை இறங்கிவிட்டது என்ற முறையீடும் அங்கே உண்டு. பிரம்புக்கு விலை இல்லை என்றால், அது படர்வதற்கு இடம் தரும் பெரிய மரங்களையும் விட்டுவைக்கக் காரணம் இல்லாமல் போகும். காட்டை அழித்து வேறு பயிர் வைத்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் சிதம்பரத்தில் இருந்து சீர்காழி போகும் சாலையில் தைக்கால் என்ற ஊர் இருக்கிறது. சாலை ஓரம் முழுவதும் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் தொங்கும். அந்தக் கடைகளில் சிறிது நேரம் நின்று பார்த்தால், ஊறவைத்த பிரம்பு மனிதன் கையில் எப்படிக் குழைகிறது என்பது புரியும்.

வேக்பீல்டு கம்பெனி செய்த நாற்காலிகள் இன்றும் அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. நூறு ஆண்டுக்கு மேல் ஆனவை. சில இன்னும் உட்காரத் தகுந்தவை. வாங்குகிறவர்கள் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். இருக்கையின் அடிச்சட்டத்தில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டி இருக்கும். அதில் வேக்பீல்டு பெயர் மட்டும் இருந்தால் அது 1897-க்கு முன் செய்தது. ஹேவுட் பெயரும் சேர்ந்து இருந்தால் அதற்குப் பின் செய்தது. விலையும் அதைப் பொறுத்ததுதான்.